வெறும் தகட்டில் விழுந்த கோடு

மரியபுஷ்பத்தின் அறைக் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு உண்டு. அது எரிந்தால் உள்ளே லேசர் ஓடுகிறது, யாரும் வரக் கூடாது என்று அர்த்தம். மலைத்தேன் சங்கத்தில் எல்லாருக்கும் இது தெரியும். லேசர் ஓடாத நேரத்திலும் அந்த பல்பு பல நாள் எரிந்தது என்பது மட்டும் மரியபுஷ்பத்தைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. யாராவது வந்து நின்று, "ஏனுங்க்கா, தம்பி இந்தக் கிறிஸ்துமஸுக்காச்சும் வர்றாருங்களா?" என்று ஆரம்பித்துவிடுவார்களோ என்று தோன்றும்போதெல்லாம் அவள் எழுந்துபோய் ஸ்விட்சைத் தட்டிவிடுவாள். கேட்பவர்கள் நல்ல மனசோடுதான் கேட்டார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. பிறந்தது கொட்டச்சேட்டில், அப்பா அங்கே ஒரு எஸ்டேட்டில் ரைட்டர். அம்மா போனபோது மரியபுஷ்பத்துக்கு இருபது வயது, தம்பி கிங்ஸ்டனுக்கு ஆறு. கெமிஸ்ட்ரி படித்து சேலத்தில் ஒரு காலேஜ் லேபில் வேலை பார்த்துக்கொண்டே அவனைத் தலைவாரி ஸ்கூலுக்கு அனுப்பினாள், நர்சிங் படிக்க வைத்தாள். பெண் கேட்டு வந்தவர்களிடம் "தம்பி ஒரு நிலைக்கு வரட்டும்" என்றாள். தம்பி ஒரு நிலைக்கு வந்தபோது பெண் கேட்பவர்கள் வருவது நின்றிருந்தது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. அவளும் சொன்னதில்லை.

அந்த காலேஜ் பேராசிரியர் ஒருவர் மலைத்தேனை ஆராய்வதற்காக ஏற்காட்டில், கிளியூர் போகிற ரோட்டில், சங்கக் கட்டிடத்தின் பின்னறையில் ராமன் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். உதவிக்கு மரியபுஷ்பத்தையும் கூட்டிவந்தார். மூன்று வருஷத்தில் ஆராய்ச்சி முடிந்தது, பேராசிரியர் ரிட்டயராகிப் போய்விட்டார். மெஷின் மட்டும் சங்கத்திடமே தங்கியது. அதோடு சேர்ந்து மரியபுஷ்பமும் தங்கிவிட்டாள். கிளியூரில் ஓர் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். ஆயுத பூஜை வந்தால் சங்கத்து ஆட்கள் மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வருவார்கள். "பொட்டு வெக்கறதுன்னா மூடி மேல வைங்க, கண்ணுல வெச்சராதீங்க" என்பாள் அவள். லென்ஸைத்தான் கண் என்பாள்.

அந்த மெஷின் செய்கிற வேலையைச் சொல்வது சுலபம். ஒரு பொருளின் மேல் லேசர் ஒளியை அடித்தால், பட்டுத் திரும்புகிற ஒளியில் பெரும்பங்கு போன மாதிரியே வரும். கோடியில் ஒரு துளி மட்டும், அந்தப் பொருளைத் தொட்டதற்கு அடையாளமாக, நிறம் கொஞ்சம் மாறி வரும். அந்தத் துளியைப் பிடித்துக் கம்ப்யூட்டரில் கோடுகளாகப் போட்டால் மெழுகுக்கு ஒரு படம், மிளகுக்கு ஒரு படம், சர்க்கரைக்கு ஒரு படம் கிடைக்கும். கைரேகை போல, ஒன்று மாதிரி இன்னொன்று இராது. மெஷினை விற்கிறவர்கள் பொத்தானை அழுத்தினால் பதில் வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பதில் வரும்தான். எந்தக் கேள்விக்கு வந்த பதில் என்பதை அழுத்தினவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மரியபுஷ்பம் அதை அடிபட்டுக் கற்றாள். முதல் மாதம் ஒரு மிளகை வைத்து லேசரை முழு பலத்தில் விட்டாள். அரை நிமிஷத்தில் புகை வந்தது, படத்தில் கரியின் கோடு வந்தது. மிளகைச் சோதிக்கப் போய்க் கரியைச் சோதித்திருந்தாள். அதிலிருந்து எதுவானாலும் சிம்மில்தான் ஆரம்பிப்பாள். கோடு மங்கலாகத் தெரிந்தால் பலத்தை ஏற்ற மாட்டாள், நேரத்தைக் கூட்டுவாள். மெழுகுக்கு இது இன்னும் முக்கியம். கொஞ்சம் அதிகமானாலும் உருகி ஓடிவிடும். தேனும் மெழுகும் பச்சை லேசர் பட்டதும் தாமாகவே மினுங்கத் தொடங்கும், அந்த மினுக்கத்தில் கோடெல்லாம் முங்கிப்போகும். சிவப்பையும் தாண்டின, கண்ணுக்குத் தெரியாத லேசருக்கு மாறினால் பாதி அடங்கும். மீதி அடங்க, ஒளியை அதே இடத்தில் விட்டுவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். சும்மா உட்காருவது மரியபுஷ்பத்துக்குக் கைவந்த வேலை.

ஒருதரம் தேன், மிளகு, உப்பு எதை வைத்தாலும் ஒரே இடத்தில் ஒரு கூர்மையான கோடு வந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் பார்த்தால் அது தலைக்கு மேல் எரிந்த டியூப்லைட். அன்றைக்கே ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டாள். அப்புறம் எல்லா வேலையும் இருட்டில்தான். கண்ணாடி ஸ்லைடு தன் பங்குக்கு ஒரு மேட்டைக் காட்டும் என்பதால், கேக் கடையில் வாங்கின அலுமினியத் தாளை அதன் மேல் இழுத்துச் சுற்றிக்கொள்வாள். அதற்குத் தகடு என்று பேர் வைத்திருந்தாள்.

காலையில் வந்ததும் மெஷினை அரைமணி நேரம் ஓடவிட்டு, நகத்தளவு சிலிக்கான் துண்டு ஒன்றை வைத்துப் பார்ப்பாள். அதன் கோடு ஐந்நூற்று இருபதில் நிற்க வேண்டும். நகர்ந்திருந்தால் அன்றைய எண்கள் எல்லாம் பொய். அடுத்து எதுவும் வைக்காத வெறும் தகட்டை ஒருமுறை எடுப்பாள், தகடு தன்பாட்டுக்கு என்ன பேசுகிறது என்று தெரிந்துகொள்ள. பிறகுதான் சாம்பிள். அதிலும் ஐந்து இடத்தில் எடுப்பாள். ஒரே ஒருமுறை ஊசி போல் எழுந்து மறுமுறை காணாமல் போகிற கோடு ஆகாயத்திலிருந்து வந்து விழும் துகளின் வேலை, அதைத் தள்ளிவிடலாம். 'திரும்பத் திரும்ப வருவதை நம்பு' என்று சுவரில் எழுதியே ஒட்டியிருந்தாள். நல்ல விதிதான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதை அதற்குக் கீழே எழுதாமல் விட்டிருந்தாள்.

மலையில் ஈரம் தீராத தொல்லை. ஆடியில் ஆரம்பித்தால் தை வரைக்கும் சுவர் வியர்க்கும், செருப்பில் பூஞ்சை பூக்கும், மடித்துவைத்த துணியை அந்து அரிக்கும். அந்துருண்டை வாங்காத வீடு ஏற்காட்டில் கிடையாது. மழைக்காலத்தில் ஹனீபா பாய் கடையில் உப்புக்கு அடுத்தபடி விற்பது அதுதான். கிளியூர் அறையில் ஒரு சுவர் எப்போதும் நனைந்தே இருக்கும். மெஷின் அறையில் மட்டும் ஈரம் இழுக்கிற மெஷின் ஒன்று ராப்பகலாக ஓடும். தினம் ஒரு வாளி தண்ணீர் பிடித்துக் கொட்டுவாள். இந்த மலையிலேயே காய்ந்த இடம் அந்த ஒரு அறைதான். அதனால்தான் கிங்ஸ்டனின் ஸ்வெட்டரைக் கொண்டுவந்து அங்கே, மேஜையின் கீழ் டிராயரில், மழைக்காலம்தோறும் நாலு அந்துருண்டை புதுசாகப் போட்டு வைத்திருந்தாள். லேபில் சொந்தச் சாமான் வைக்கக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கிங்ஸ்டன் அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்பினான். விடியற்காலைக் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வந்தவன், பஸ் நகரப்போகும்போது கழற்றி ஜன்னல் வழியாக நீட்டினான். மலைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான் அது. "அடிவாரம் போனா வேர்க்குங்க்கா. வெச்சிருங்க. கிறிஸ்துமஸுக்கு வந்து போட்டுக்கறேன்" என்றான். முதல் வருஷம் ஞாயிறுதோறும் போன் வந்தது. அப்புறம் மாதம் ஒன்று. அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணம் முடிந்த பிறகு போட்டோ வந்தது. போன கிறிஸ்துமஸுக்கு எல்லாருக்கும் அனுப்புகிற ஒரு வாழ்த்துப் படம் வந்தது, அதில் அக்கா என்ற வார்த்தைகூட இல்லை. கேட்பவர்களிடம் மரியபுஷ்பம் "லீவு கெடைக்கலீங்க, அடுத்த வருஷம் வர்றான்" என்பாள். வாரம் ஒருநாள் டிராயரைத் திறந்து ஸ்வெட்டரை முகத்தில் வைத்துக்கொள்வாள். அதில் அவன் வாசம் இருந்தது.

தை மாதக் கடைசியில் சங்கத்தின் மெழுகுச் சோதனை வந்தது. இந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டருக்கு முந்தின இரவு கோயிலில் ஏற்றுகிற பாஸ்கா திரி என்கிற பெரிய மெழுகுவர்த்திக்கு, தேனீ வளர்க்கிற ஒவ்வொருவரும் ஒரு கட்டி மெழுகு கொடுப்பார்கள். சாதி மதம் பார்ப்பதில்லை. திரிநூல்கூட சங்கச் செயலாளர் ஹாரிஸ் பாயின் கடையிலிருந்துதான் வரும். தவக்காலத்து மூன்றாம் ஞாயிறு அத்தனை கட்டியையும் ஒரே அண்டாவில் உருக்குவார்கள். அதற்கு முன்னால் எல்லாம் சோதனைக்கு வரும். மெழுகில் பாரஃபின் என்கிற பெட்ரோலிய மெழுகு கலந்திருக்கிறதா, அந்துருண்டை ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் காலிக் கூடுகளைப் புழு தின்னாமல் இருக்கச் சிலர் பெட்டிக்குள் அந்துருண்டை போட்டுவிடுவார்கள். அது மெழுகில் ஏறும், மெழுகிலிருந்து தேனில் இறங்கும். போட்டவர் சங்கத்தில் இருக்க முடியாது.

முப்பத்தொரு பேர். கடைசிப் பேர் செம்மநத்தம் தேவசிகாமணி. எஸ்டேட்டில் கூலிக்கு இருந்து, இரண்டு வருஷம் முன்புதான் பதினாலு பெட்டி வைத்துத் தேனீக்கு வந்தவர். பெண்டாட்டி இறந்துவிட்டார், ஒண்டிக்கட்டை. முப்பதாவது ஆளோடு மேஜை மேலிருந்த தகடுகள் தீர்ந்துபோயின. பத்து நாள் முன்னாலேயே சுற்றி, கீழ் டிராயரில் வைத்த தகடுகள் கொஞ்சம் இருப்பது மரியபுஷ்பத்துக்கு ஞாபகம் வந்தது. இருட்டில் கையை விட்டு எடுத்தாள். நகம்போல மெல்லிசாகச் சீவின மெழுகை அதன் மேல் அழுத்தி வைத்தாள்.

ஆயிரத்து முந்நூற்று எண்பத்திரண்டில் ஒரு கோடு எழுந்தது. மெழுகுக்கு அங்கே கோடு கிடையாது. எழுநூற்று அறுபத்து மூன்றில் ஒன்று, ஐந்நூற்றுப் பதின்மூன்றில் ஒன்று. கம்ப்யூட்டர் தன் பட்டியலைத் துழாவி நாஃப்தலீன் என்றது. அந்துருண்டையின் படித்த பேர் அது. அவள் அவசரப்படவில்லை. ஐந்து இடத்தில் எடுத்தாள், நாலில் வந்தது. வேறு தகடு எடுத்து வேறு சீவலை வைத்தாள், மறுபடியும் வந்தது. அந்தத் தகடும் அதே டிராயரில் இருந்து வந்தது என்பது அவளுக்கு உறைக்கவில்லை. காலையில் எடுத்த வெறும் தகடு சுத்தமாகத்தானே இருந்தது, அதுவோ மேஜை மேலிருந்த தகடு. திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் ஹாலில் ஹாரிஸ் ரிப்போர்ட்டை வாசித்தார். "கர்த்தர் சாட்சியா நான் போடலீங்க. வெயில்ல காயவெச்சு வேப்பந்தழைப் புகைதான் போட்டேனுங்க" என்று தேவசிகாமணி எழுந்து சொன்னார். "மெஷின் பொய் சொல்லுமுங்களா?" என்று யாரோ கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை, சண்டை போடவில்லை. ஹாரிஸ் அந்த மெழுகுக் கட்டியைக் காகிதத்தில் சுற்றி அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். பெட்டிகளுக்குச் சங்கத்து முத்திரை இல்லை என்றும் தீர்மானமாயிற்று.

அடுத்த ஞாயிறு பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்கிற நேரம். கோயிலில் எல்லாரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் கைகூப்புவார்கள். தேவசிகாமணி இருந்த பெஞ்சில் எல்லாரும் அவருக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டார்கள். அவர் கூப்பின கையோடு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் பீடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இரண்டு வரிசை பின்னால் மரியபுஷ்பம் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்புப் பண்ணினால் அப்படித்தான் என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை.

திரிக்கு மெழுகு உருக்க நாலு நாள் இருக்கையில், ஒரு புதன்கிழமை காலை, தேவசிகாமணி சங்கத்துக்கு வந்தார். செம்மநத்தத்திலிருந்து பஸ்ஸுக்கு நிற்காமல் மூடுபனியில் நடந்தே வந்திருந்தார், தலையெல்லாம் ஈரம். சிவப்பு பல்பு எரிந்தது. லேசர் ஓடவில்லை. கதவைத் தட்டாமல் வெளியிலேயே நின்றார். ஒரு மணி நேரம் கழித்து வாளித் தண்ணீரைக் கொட்டக் கதவைத் திறந்த மரியபுஷ்பத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கூப்பிடக் கூடாதுங்களா?" என்றாள்.

"லைட்டு எரிஞ்சுதுங்களே. வேற பெட்டி மெழுகு கொண்டாந்தனுங்க. இன்னொருக்கா பாத்துச் சொல்லுங்க்கா. அதுலயும் இருந்தா நான் செம்மநத்தத்துல இருக்கறதுல அர்த்தமில்லீங்க. பெட்டியெல்லாம் குடுத்துட்டு எங்கியாச்சும் போயர்றேனுங்க."

அவரை வெளியே நிறுத்திவைக்க அவளுக்கு மனசு வரவில்லை. உள்ளே ஸ்டூலைக் காட்டினாள். அந்த அறைக்குள் அவளைத் தவிர ஒரு ஆள் வந்து உட்கார்ந்து மாதக்கணக்காகிவிட்டது. தேவசிகாமணி உட்கார்ந்தார், மூக்கைச் சுளித்தார், சுற்றிலும் பார்த்தார்.

"ஏனுங்க்கா, இங்க அந்துருண்டை வாசம் அடிக்குதுங்களே?"

"இல்லீங்களே."

"அடிக்குதுங்க. நொம்ப அடிக்குதுங்க. எம்மேல பழி உழுந்ததுலருந்து அந்த வாசம் எந்த ஊட்டுல இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சுபோகுதுங்க."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. வழியில் ஒரு கல் கிடக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். மரியபுஷ்பம் மூச்சை இழுத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆறு வருஷம் முகர்ந்த மூக்குக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்துருண்டை இருந்த இடம் ஞாபகம் வந்தது. அவள் கீழ் டிராயரைத் திறந்தாள். ஸ்வெட்டர். ஒட்டினாற்போல ஒரு அட்டைப்பெட்டி. அதில் மீதித் தகடுகள்.

விளக்கை அணைத்தாள். அந்த டிராயரில் இருந்த தகடு ஒன்றை, மேலே எதுவும் வைக்காமல், அப்படியே லென்ஸுக்கு அடியில் வைத்தாள். லேசரை விட்டாள். முப்பது விநாடி ஆகும். அந்த முப்பது விநாடியும் அவள் ஜெபம் பண்ணினாள், எதற்காக என்று அவளுக்கே தெரியாமல்.

ஆயிரத்து முந்நூற்று எண்பத்திரண்டு. எழுநூற்று அறுபத்து மூன்று. ஐந்நூற்றுப் பதின்மூன்று. மெழுகே இல்லாத வெறும் தகட்டில் மூன்று கோடும் பளிச்சென்று நின்றன. அந்துருண்டை கரைந்து ஆவியாகிக் குளிர்ந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத தூளாகப் படிந்திருந்தது. இரும்பு டிராயர், வெளிச்சுவரை ஒட்டினது, தை மாதத்துப் பனி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் அவளுடைய டிராயரிலேயே மடித்து வைக்கப்பட்டிருந்தது.

சொல்லாமலும் விட்டிருக்கலாம். புதுத் தகட்டில் புது மெழுகைப் பார்த்து, "இது சுத்தமா இருக்குங்க" என்று எழுதிக் கொடுத்தால் அவர் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். ஊரும், பயந்து திருந்திவிட்டான் என்று சொல்லி ஏற்றுக்கொண்டிருக்கும். செய்யாத தப்புக்குத் திருந்தினவன் என்ற பேரோடு அவர் காலத்தை ஓட்டியிருப்பார். இதெல்லாம் அந்த இருட்டில் ஒரு நிமிஷம் அவள் மனசில் ஓடத்தான் செய்தது. அவள் தெய்வப்பிறவி ஒன்றும் இல்லை. பிறகு விளக்கைப் போட்டாள்.

"தேவசிகாமணி, தப்பு என்னுதுங்க. உங்க மெழுகை வெக்காமயே அந்தக் கோடு வருதுங்க. நான் வெச்சிருந்த அந்துருண்டை தகட்டுல ஏறிருச்சுங்க."

அவர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப என் மெழுகுல இல்லீங்களா?"

"இருந்திருக்காதுங்க. பாத்துருவோம்."

புது ரோலைப் பிரித்துப் புதுத் தகடு சுற்றினாள். அதையே முதலில் வெறுமனே எடுத்தாள், பிறகு அதே தகட்டில் மெழுகை வைத்தாள். இதைத்தான் அன்றைக்குச் செய்திருக்க வேண்டும். எந்தத் தகட்டில் சாம்பிள் வைக்கிறோமோ அந்தத் தகட்டைத்தான் வெறுமனே பார்க்க வேண்டும், அதன் அண்ணன் தம்பியை அல்ல. மெழுகுக்கு உண்டான கோடுகள் வந்தன, வேறொன்றும் வரவில்லை. சங்கத்தில் மிச்சம் இருந்த பழைய கட்டியின் சீவலிலும் வரவில்லை. தேவசிகாமணி துண்டால் முகத்தைத் துடைத்தார். பனி ஈரமா கண்ணீரா என்று அவள் உற்றுப் பார்க்கவில்லை.

"இதைக் கோயில்ல சொல்லுவீங்களாக்கா? எல்லாரு முன்னாலயும்?" என்று மட்டும் கேட்டார்.

"சொல்லுவேனுங்க."

அவர் போன பிறகு ஸ்வெட்டரை எடுத்து உதறினாள். நாலு போட்டதில் இரண்டு உருண்டை பட்டாணி அளவுக்குக் கரைந்திருந்தது. சனிக்கிழமை வரைக்கும் கிளியூர் வீட்டு வாசல் கொடியில் காற்றில் தொங்கவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் எடுத்து, வழக்கம்போல முகத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கம்பளி வாசம் மட்டும். திருப்பிப் பார்த்தாள், காலரில், கைமடிப்பில், அக்குளில். அந்துருண்டை போனதும் கிங்ஸ்டனும் போயிருந்தான். ஆறு வருஷமாக அவள் தம்பியின் வாசம் என்று முகர்ந்தது எது என்று அப்போதுதான் புரிந்தது. கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் கேட்டிருக்காது.

ஞாயிறு காலை நல்ல குளிர். அவள் அந்த ஸ்வெட்டரையே போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள். கை நீளமாக இருந்தது, மடித்துவிட்டுக்கொண்டாள். பூசை முடிந்து ஹாலில் அண்டா ஏறியிருந்தது. ஹாரிஸ் அவளைத் தனியாக ஓரம் கூட்டிப்போனார். நல்ல மனுஷன், அவளுக்கு உதவத்தான் நினைத்தார்.

"மெஷின் ரிப்பேர்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுதுங்க்கா. உங்க பேரு எதுக்கு அடிபடணும்?"

"மெஷின் நல்லாத்தானுங்க இருக்குது ஹாரிஸ். அது இருந்ததைச் சொல்லுச்சு. கேட்டவதான் சரியாக் கேக்கலீங்க."

நாற்பது பேருக்கு முன்னால் மரியபுஷ்பம் பேசியது அதுதான் முதல் தடவை. தகட்டைப் பற்றிச் சொன்னாள், டிராயரைப் பற்றிச் சொன்னாள். "உள்ள என்னுங்க வெச்சிருந்தீங்க?" என்று மேனகா கேட்டாள். பதினொரு பெட்டிக்காரி, எதையும் பாதியில் விடமாட்டாள். "என் தம்பி ஸ்வெட்டரை வெச்சிருந்தனுங்க. வந்தா போட்டுக்குவான்னு" என்றாள் மரியபுஷ்பம். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். "தேவசிகாமணி மேல ஒரு குத்தமும் இல்லீங்க. நான் எழுதுனது தப்புங்க" என்று சொல்லிவிட்டு, பழைய ரிப்போர்ட்டின் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திட்ட தாளை ஹாரிஸிடம் கொடுத்தாள்.

தேவசிகாமணி காகிதத்தைப் பிரித்து, திருப்பிக் கொடுக்கப்பட்ட அதே கட்டியை அண்டாவில் போட்டார். அது மெதுவாக மற்றதோடு கலந்தது. மேனகா அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். இன்னும் இரண்டு மூன்று பேர் கூப்பினார்கள். கூப்பாதவர்களும் இருந்தார்கள், ஒருவரைப் பற்றி ஒன்று நம்பிவிட்டால் விடுவதற்கு ஊருக்கு நாளாகும்.

மரியபுஷ்பம் வெளியே வந்தாள். கிளியூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தேவசிகாமணி வேகமாக வந்து சேர்ந்து, நடையைக் குறைத்துக்கொண்டார். அவள் மடித்துவிட்ட கையைப் பார்த்தார்.

"இதுதானுங்களா அந்த ஸ்வெட்டரு?"

"ஆமாங்க."

"நீங்க போட்டுக்கிட்டீங்களே. தம்பி வந்தா கேக்கமாட்டாருங்களா?"

லீவு கிடைக்கவில்லை என்ற பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆறு வருஷமாக எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன பதில். அவள் நின்றாள்.

"வரமாட்டானுங்க" என்றாள்.

தேவசிகாமணி சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். செம்மநத்தம் பஸ்ஸுக்கு அவர் எதிர்ப்பக்கம் போக வேண்டும். போகாமல், அவள் வீட்டு வளைவு வரைக்கும் கூடவே நடந்தார்.